முப்பத்திரண்டுதான் கிடைக்கும்

எங்கள் பக்கத்துப் பையன்கள் முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது ஐப்பசி மாதத்தில். கோவில்பட்டி மெயின் ரோட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் சாக்கை விரித்தும் கட்டிலைப் போட்டும் முளைக்கிற கடைகளில், கம்பி மத்தாப்புக்கும் தரைச் சக்கரத்துக்கும் மேலே ஒரு சணல் கயிற்றில் தகரத் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். அந்தச் சத்தத்திலேயே பாதி மனசு போய்விடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நாங்கள் நடத்திய சோதனைகளை நினைத்தால், ராணுவத்துக்குத் தளவாடம் வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு கறாராக இருப்பார்களா என்பது சந்தேகம். சுத்தியலை இழுத்துவிட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும். ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தால் கேப்பு வெடிக்காது, ரொம்ப விறைப்பாக இருந்தால் கட்டைவிரல் தாங்காது. பக்கத்து மூடி திறந்து மூட வேண்டும், ஆனால் ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. வெள்ளிப் பூச்சு விரலில் ஒட்டாத துப்பாக்கி என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை என்பதால் அது சோதனையில் சேராது. கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏலேய், வாங்குறதுக்கு முன்னாடியே தேய்ச்சுருவ போலயே” என்பார். அப்பா தள்ளி நின்று யாரோடோ பருத்தி விலை பேசிக்கொண்டிருப்பார்.

துப்பாக்கியை முடிவு செய்த பிறகுதான் பெரிய வழக்கே ஆரம்பிக்கும்: அதற்குப் போடுவது பொட்டா, ரோலா? பொட்டுக் கேப்பு சின்ன வட்ட டப்பியில் வரும்; ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மூடி, இழுத்து, சுட வேண்டும்; நிதானமான வேலை, ஆனால் வைத்தது வெடிக்கும். ரோல் என்பது சிவப்புக் காகிதச் சுருள். ஒருமுறை மாட்டிவிட்டால் தொடர்ந்து சுட்டுக்கொண்டே போகலாம் என்பது தத்துவம். நடைமுறையில் ஒன்று வெடிக்கும், அடுத்தது தப்பும், அதற்கடுத்ததில் காகிதம் கிழிந்து உள்ளே சிக்கிக்கொள்ள, வெடித்து முடித்த தாள் துப்பாக்கியின் மண்டைக்கு மேல் கரிந்த நாக்காகத் தொங்கும். தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து இதற்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறது. வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, அமெரிக்காவில் மீசை நரைத்த பெரியவர்கள் ரிவால்வரா பிஸ்டலா என்று இதே வழக்கைத் தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று: ரிவால்வர் சிக்காது, ஆனால் ஐந்தாறு தோட்டாதான், பிஸ்டலில் நிறையப் போடலாம், ஆனால் சமயத்தில் சிக்கும். பொட்டுக் கட்சி, ரோல் கட்சி. பிறகு எண்பதுகளில் எட்டுப் பொட்டு வைத்த பிளாஸ்டிக் வளையம் வந்து இரண்டு கட்சியையும் கலைத்துவிட்டது. அதற்குள் எங்களுக்கு மீசை அரும்பி, வேறு வழக்குகள் வந்துவிட்டன.

துப்பாக்கி வாங்க வழியில்லாதவனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு போல்ட்டுக்கு நடுவே ஒரு நட்டை மாட்டி, உள்ளே பொட்டை வைத்து முறுக்கி, தார் ரோட்டில் தூக்கி எறிந்தால் எங்கள் துப்பாக்கிகள் எல்லாம் வெட்கப்படுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதுவும் இல்லாதவன் வாசல்படியில் வைத்துக் கல்லால் தட்டினான். உள்ளே இருந்தது ஒரே சரக்கு, பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும்; ஒன்று தீக்குச்சியின் தலையில் இருப்பது, மற்றது பெட்டியின் பக்கத்தில் தடவுவது. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்த ஊரில் அந்த மருந்து வாசனை எங்களுக்கு அம்மா சேலை வாசனைக்கு அடுத்தபடி பழக்கமானது.

இன்றைக்குப் பேரன் வைத்திருக்கிற துப்பாக்கிக்கு பேட்டரி போட வேண்டும். அழுத்தினால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிறது, ‘ஃபயர், ஃபயர்’ என்று துப்பாக்கியே கத்துகிறது, சுடுகிறவனுக்கு வேலை எதுவும் இல்லை. எங்கள் காலத்தில் கேப்பு தீர்ந்துபோனால் வாயாலேயே ‘டுமீல்’ என்று சொல்லி, எதிராளி “படலை, படலை, காதோரமாப் போயிருச்சு” என்று மறுக்க, அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மூத்த பையன் வர, அதுவரை செத்தவன் சாகாமல் நின்றிருந்த அந்த நீதிமன்றம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று தீர்ப்புச் சொல்ல, தமிழ்நாட்டில் அது காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று பிரிந்தது. காற்றுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பையனின் கேப்புத் துப்பாக்கிக்கு அலுவலக நேரம் வரும் என்று நாங்கள் கனவு கண்டதில்லை.

நிஜத் துப்பாக்கி ஆசை எங்களுக்கு வந்தது ரயிலில். திருநெல்வேலிக்குப் போகும்போது மணியாச்சி ஜங்ஷனில் வண்டி நின்றால், எதிர் சீட்டில் யாராவது ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு 1911 ஜூன் 17 காலையை ஆரம்பித்துவிடுவார்: கலெக்டர் ஆஷ் துரையும் துரைசானியும் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது, வாஞ்சிநாதன் ஏறிச் சுட்டது, பிறகு தன்னையே சுட்டுக்கொண்டது. கேட்கிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டும்போது என் வயதுக்கு ஒரே ஒரு கேள்விதான்: “என்ன துப்பாக்கி தாத்தா?” பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில், தேசபக்தியில் நான் தேறமாட்டேன் என்ற முடிவு இருந்தது. பதில் தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

அந்தப் பெரியவர்களைவிட ஆயுத ஞானம் உள்ள ஆசான்கள் எங்களுக்கு வேறு இருந்தார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது, பின்னாலேயே குதிரைமேல் சிஸ்கோ கிட் வந்தார். வெடிக்கிற கேப்பும் அதை எப்படிப் பிடித்துச் சுட வேண்டும் என்ற பாடநூலும் ஒரே ஊரிலிருந்து வந்ததை இப்போது நினைத்தால், சிவகாசிக்காரர்கள் சந்தையை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று வியப்பாக இருக்கிறது. திரையில் ஜெய்சங்கர், தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட், துப்பாக்கியை ஒரு விரலில் சுற்றிக் காட்டுவார். இடைவேளை வரைக்கும் தோட்டா தீராது. இந்தப் படிப்பின் பலனாக எட்டாம் வகுப்புக்குள் எங்களில் ஒருவன் .45 யானையைச் சாய்க்கும் என்றும், இன்னொருவன் .38தான் போலீசு வைத்திருப்பது என்றும், மூன்றாமவன் இரண்டும் பொய், தன் மாமா பட்டாளத்தில் 9 எம்.எம். வைத்திருக்கிறார் என்றும் அடித்துச் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டோம். எண் பெரிதாக இருந்தால் ஆள் பெரியவன். அந்தக் கணக்கில் வங்கி வாசலில் காக்கிச் சட்டைக் காவலாளி தோளில் மாட்டியிருந்த 12 போர் மிகவும் பரிதாபத்துக்குரியது. அதன் குழலுக்குள் எங்கள் கட்டைவிரலே போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தும் நாங்கள் எண்ணைத்தான் நம்பினோம். .38 என்றால் குழலின் விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு என்பதும், ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஒன்று நுழைகிற குழல்தான் 12 போர், ஆகவே அங்கே எண் ஏற ஏற ஓட்டை சிறுக்கும் என்பதும் எந்த வாத்தியாரும் சொல்லித்தராதவை.

பெரியப்பா வீட்டில் நிஜமாகவே ஒன்று இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். சனிக்கிழமை சம்பளப் பணத்தை பேங்கிலிருந்து கொண்டுவருவதற்காக லைசென்ஸ் வாங்கியிருந்தார். பர்மிங்காம் வெப்லி அண்டு ஸ்காட் ரிவால்வர், பட்டையைத் தள்ளினால் நடுவில் மடிந்து திறக்கிற ரகம், இரும்பு பீரோவில் மஞ்சள் பைக்குள் வாசம். பெரியம்மாவுக்கு அது பீரோவில் பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் இருப்பதில் கடைசி வரை சம்மதமில்லை. வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, அது கணக்குப் பிள்ளையின் பேனாவுக்கும் தராசுக்கும் நடுவே பலகையில் வந்து உட்காரும். சுண்டல் வைத்துப் படைத்து, குழலில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நாங்கள் குனிந்து குனிந்து பார்ப்போம். தொட அனுமதி கிடையாது. கைனாக் கம்பெனி தோட்டாப் பெட்டி தனியாக இருக்கும். வருஷத்துக்கு இத்தனைதான் என்று லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும், வாங்கினால் கடைக்காரர் அதில் பதிய வேண்டும், ஆகையால் பெரியப்பா சுட்டுத் தீர்க்கிற ஆளில்லை. அவர் அதைச் சுட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க இஸ்திரி வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போய்வருவதை ஊரே பார்க்கும்; துப்பாக்கியின் பயன் பெரும்பாலும் அதில்தான் இருந்தது.

எனக்கு அதைப் பார்த்ததும் ஒரே ஏமாற்றம். குழலில் .32 என்று வெட்டியிருந்தது. முப்பத்திரண்டா! பெரியப்பாவிடமே கேட்டுவிட்டேன், முப்பத்தெட்டாவது வாங்கியிருக்கக் கூடாதா என்று. அவர் குங்குமக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “நீ கேட்டதையெல்லாம் குடுக்க அரசாங்கம் உன் தாய்மாமனாடா? முப்பத்திரண்டுதான் கிடைக்கும்.”

அவர் சொன்னது சட்டம். 1959இன் ஆயுதச் சட்டத்தின் வழியில், படையும் போலீசும் வைத்திருக்கிற .38, .455, 9 எம்.எம். போன்றவை தடைசெய்யப்பட்ட ‘போர்’, அதாவது குழல் அளவு. சாதாரணக் குடிமகனுக்குக் கைத்துப்பாக்கி என்றால் .32, .25, .22 என்கிற மாதிரிச் சின்ன எண்கள்தான். எங்கள் எட்டாம் வகுப்பு விவாதங்கள் முழுவதும் கடையில் இல்லாத பலகாரங்களைப் பற்றியவை. நம் நாட்டில் முதல் கைத்துப்பாக்கி வாங்குகிறவனுக்கு எந்த அளவு நல்லது என்ற தலைவலியே கிடையாது. அதை நமக்காக மத்திய அரசு பட்டுக்கொண்டிருக்கிறது.

பெரியப்பாவின் முப்பத்திரண்டுக்கு என் மனசில் மரியாதை வந்தது வேறொரு வழியில். இயான் ஃபிளெமிங்குக்கு 1956இல் ஒரு துப்பாக்கிப் பிரியர் கடிதம் எழுதினாராம்: உங்கள் பாண்ட் வைத்திருக்கிற .25 பெரெட்டா பெண்களின் கைப்பைக்கு ஏற்றது, மாற்றுங்கள் என்று. எழுதியவர் பெயர் பூத்ராய்டு. ஃபிளெமிங் கோபித்துக்கொள்ளாமல் பிறகு வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்டுக்கு வால்தர் பி.பி.கே.வைக் கொடுத்து, அதைக் கொடுக்கிற அதிகாரிக்குக் கடிதம் எழுதியவரின் பெயரையே வைத்தார். 1962இல் வந்த படத்தில் அந்த பிஸ்டலை 7.65 மில்லிமீட்டர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வழங்குகிற பெயர் .32 ஏ.சி.பி. அதாவது ஷான் கானரி உலகத்தைக் காப்பாற்றியது முப்பத்திரண்டை வைத்து. தூத்துக்குடிக் கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டிருந்தால் அவருக்கும் அதே அளவுதான் கிடைத்திருக்கும். (பெரியப்பாவின் தோட்டாவை பாண்டின் பிஸ்டலில் போட முடியாது. ரிவால்வரின் .32 நீளம், விளிம்பு வைத்தது, பிஸ்டலின் .32 குட்டை. எண் ஒன்று, சரக்கு வேறு.)

பெரியப்பா காலமான பிறகு அந்த ரிவால்வர் அவர் வாழ்நாளில் பெறாத அந்தஸ்தைப் பெற்றது. எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது நின்றுபோக, உள்ளே இருந்த பழைய சரக்குக்கு விலை ஏறிக்கொண்டே போனது. பர்மிங்காமிலோ வெப்லி 1979இலேயே தோட்டாத் துப்பாக்கிக் கடையைக் கட்டிவிட்டது. சுண்டலும் குங்குமமும் கண்ட ஒரு பழைய ரிவால்வருக்கு புது மாருதி காரின் விலை பேசப்பட்ட காலம் அது. அண்ணன் விற்றுவிட்டார். பெரியம்மா பீரோவை மஞ்சள் நீர் தெளித்துத் துடைத்தார்கள்.

அப்புறம் கான்பூர் அரசுத் தொழிற்சாலை அதே வெப்லி சாயலில் .32 ரிவால்வர் செய்து விற்றது. 2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற அரைக் கிலோ எடைக் குட்டி ரிவால்வரை இறக்கியது. டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த பெயர் அது. விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு உதவுகிற விலையா என்று அப்போதே கேட்டார்கள், இன்னும் பதில் வரவில்லை. 2020இல் இன்னொரு செய்தி: வெப்லி அண்டு ஸ்காட் பெயரில் உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் தயாராகப் போகிறது. பெரியப்பா பர்மிங்காம் முத்திரையை விரலால் தடவிக் காட்டுவார்; இனி ஹர்தோய் முத்திரையைத் தடவிக்கொள்ளலாம். 2019 திருத்தத்தில் லைசென்ஸ் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமானது, இஸ்திரி வேட்டியின் வேலை குறைந்தது. அதே திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாக்கியது. கல்யாண ஊர்வலத்தில் ஆர்வக்கோளாறில் வானத்தைச் சுட்டால் இரண்டு வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்றும் சேர்த்தார்கள். தோட்டாவைப் பூட்டிவைத்தே பழகிய பெரியப்பா பரம்பரைக்கு அது ஒரு தண்டனையாகவே தோன்றாது.

தங்கை மகன் டல்லாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்த வருஷம் ஒரு ராத்திரி கூப்பிட்டு, “மாமா, ஒண்ணு கேக்கணும், அம்மாட்ட சொல்லாதீங்க. நைன் எம்.எம். நல்லதா, ஃபார்ட்டி ஃபைவா?” என்றான். குடும்பத்தில் இந்த விஷயம் பேசியே வயசான ஆள் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்பு மரத்தடி அப்படியே போனில் வந்து இறங்கியதைப் போல உடம்பு சிலிர்த்தது. வித்தியாசம், இவன் நாளைக் காலையில் போய் வாங்கிவிடுவான். அங்கே கடையிலேயே சுடுகிற இடம் இருக்கிறதாம். விதவிதமாக வாடகைக்கு எடுத்துச் சுட்டுப்பார்த்து, கைக்குப் பிடி அடங்குகிறதா, உதை தாங்குகிறதா என்று பார்த்து எடுக்கலாமாம். ஸ்பிரிங்கை இழுத்து இழுத்துப் பார்த்த எங்கள் மெயின் ரோட்டுச் சோதனைதான், அதட்டக் கடைக்காரர் இல்லாமல்.

அவனுக்காக நானும் படித்துப்பார்த்தேன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே இந்தக் கேள்வியில் ஒரு வட்டம் அடித்திருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஒரு கொள்ளையன் மேல் முதலிலேயே பாய்ந்த 9 எம்.எம். குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட, அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டேயிருந்தான். குற்றம் குண்டின் அளவு மேல் விழுந்தது. பெரிதாக வேண்டும் என்று 10 எம்.எம்.முக்குப் போனார்கள், அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் இறங்கி .40 வந்தது, நாடெங்கும் போலீசார் அதற்கு மாறினார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் இப்படிப் போனபின், 9 எம்.எம். குண்டுகளே இப்போது நன்றாகச் செய்யப்படுகின்றன, உதை குறைவு, குறி தப்புவதும் குறைவு என்று எஃப்.பி.ஐ. திரும்பவும் அதற்கே வந்துவிட்டது. இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். 9 எம்.எம். எடுத்தான். தோட்டா விலை மலிவு என்பது அவன் காரணம், கோவில்பட்டி ரத்தம். அது இப்போது ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. தங்கைக்கு இன்னும் தெரியாது, இந்தப் பத்திரிகை அவள் வாங்குவதில்லை.

இங்கே பேரனுக்கோ இந்தத் தேர்வெல்லாம் புரியவே இல்லை. செல்போன் விளையாட்டில் பாராசூட்டில் குதித்து, முதல் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் கிடக்கிற பிஸ்டலை எடுக்கிறான். அடுத்த அறைக்குள் அதை வீசிவிட்டு வேறொன்று. 9 எம்.எம்., .45 ஏ.சி.பி., 7.62 என்று எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்பது மனப்பாடம். நாங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டும் தெரிந்துகொள்ளாததை அவன் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டான். முப்பத்திரண்டு இருக்கிறதா என்று கேட்டேன். “அப்டி ஒண்ணு கெடையாது தாத்தா” என்றான். நல்ல துப்பாக்கி எதுவென்று கேட்டதற்கு, “பிஸ்டலே வேஸ்ட்” என்று சொல்லிவிட்டு மறுபடி குதித்தான். அவனுடைய முதல் கைத்துப்பாக்கி அவனிடம் இருந்தது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. எங்களுடையது கார்த்திகை வரைக்கும் தலையணைக்கு அடியில் இருந்து, தை பிறப்பதற்குள் துருப்பிடித்து, அப்போதும் தூக்கிப்போட மனம் வராமல் பரணுக்குப் போனது.

நிஜத் துப்பாக்கிகள் நம் ஊரில் எதற்குப் பயன்படுகின்றன என்று பார்க்க ஆசை இருந்தால் தேர்தல் தேதி அறிவித்த வாரத்தில் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்கள். லைசென்ஸ்காரர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கும். பயிர்க் காவலுக்கு வாங்கிய 12 போர், கான்பூர் .32, யாரோ தாத்தா விட்டுப்போன பழைய வெப்லி எல்லாம் துணியில் சுற்றி வந்து சேரும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று நமக்குத் தேர்தலுக்குக் குறைவில்லை. ரைட்டர் ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு சீட்டைக் கட்டி, நோட்டில் பதிந்து, ரசீது கொடுப்பார். எந்த போராக இருந்தாலும் ரசீது ஒரே அளவுதான்.